பன்னிக் காவலுக்குத் தெர்மல் (உடம்புச் சூட்டை வச்சு இருட்டுல காட்டுற கேமரா) வாங்குறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ரப்பர்காரன்:
காட்டோரம் மரச்சீனி போட்டவங்க எல்லாருக்கும் பன்னிக் கதை ஒண்ணு இருக்கும். நம்ம கதை கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறைப் பக்கம். விடியக்காலம், பால்வெட்டு நேரம். பக்கத்து விளைக்காரர் கையில தெர்மல்: 384 சென்சார் (படம் அகலத்துக்கு 384 புள்ளி), 25 எம்எம் லென்ஸ். 300 மீட்டர் தள்ளி ரப்பருக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு, தாழ்வா நிக்கு. "பன்னியேதான்"ன்னு விரட்டப் படக்கத்தை (வெடியை) எடுத்துட்டாரு. திட்டு நிமிந்து அடுத்த மரத்துக்கு நடந்து போகுது. பால் வெட்டுற அக்கா!

பெட்டியில 1200 மீட்டர்னு போட்டிருந்தான். பொய் இல்ல. ஆனா அது 1.8 மீட்டர் உயர ஆளு நின்னா "என்னவோ நிக்கு"ன்னு தெரியுற தூரம். சென்சார்ல ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, 12 மைக்ரான்; அதுக்கு 25 எம்எம் லென்ஸ்னா, 300 மீட்டர்ல ஒரு புள்ளிக்குள்ள 14 சென்டிமீட்டர் அடங்கும். ஒரு மீட்டர் நீளப் பன்னி மொத்தமே 7 புள்ளி. 1200-ல ஒரு புள்ளியே 58 சென்டிமீட்டர், ஆளே 3 புள்ளிதான். டிஜிட்டல் ஜூம் போட்டா அதே புள்ளி பெருசாகும், வேற ஒண்ணும் இல்ல.

ஏத்தன்வாழை:
அப்போ 35 எம்எம் வாங்கட்டா அண்ணே?

ரப்பர்காரன்:
விளை எவ்வளவு பெருசு தம்பி? 384-ல 25 எம்எம் போட்டா 100 மீட்டர்ல 18 மீட்டர் அகலம் தெரியும், 35-க்கு 13தான். வாழைக்குள்ள 35-ஐ வச்சா சாவித்துவாரம் வழியா பாக்குற மாதிரி இருக்கும். 19 எம்எம் போதும். மிச்சக் காசை 640 சென்சார்ல போடு.

மலையோரம்:
என்இடிடி-யையும் பாருங்க. எவ்வளவு சின்ன சூட்டு வித்தியாசம் வரை கருவிக்குத் தெரியும்ங்கிறதுதான் அது. மில்லிகெல்வின் (டிகிரியில ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்கு, குறையக் குறைய நல்லது. நமக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை பெஞ்ச ராத்திரி மரம், மண்ணு, பாறை எல்லாம் ஒரே சூடாகி திரை சாம்பலா கெடக்கும். 50-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் அன்னைக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, ஜீப் கண்ணாடியை ஏத்திட்டு உள்ள இருந்து பாத்தா வெளிய ஒண்ணும் தெரியாது, உங்க உருவம்தான் தெரியும்; தெர்மல் பாக்குற சூட்டைக் கண்ணாடி உள்ள விடாது.

துப்பாக்கியில மாட்டுற ஸ்கோப் பத்தி எனக்கு மெசேஜ் போடாதீங்க மக்கா. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சுடுறது வனத்துறை பாடு. காவலுக்குக் கையில பிடிச்சு ஒத்தக் கண்ணுல பாக்குற மோனாகுலர் போதும்.

ஏத்தன்வாழை:
9 ஹெர்ட்ஸ், அதான் நொடிக்கு 9 படம் காட்டுறது, ஒண்ணு சல்லிசா கிடைக்கு.

ரப்பர்காரன்:
நின்னு கிளறுற பன்னிக்கு அது போதும். ஓடுற பன்னி திரையில விட்டு விட்டுத் தாவும், 50 ஹெர்ட்ஸ்ல அது இல்ல. கடைக்காரன் ஒரு ராத்திரி விளைக்குக் கொண்டு போக விடுவானான்னு முதல்ல கேளு.