கனடாவிலிருந்து வந்த மின்சக்கர நாற்காலிக்கு எந்தச் சார்ஜர் பொருந்தும்?

உவர்மலைவாசி:
வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா அப்பாவுக்கென்று பாவித்த மின்சக்கர நாற்காலி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஆசனத்துக்கு அடியில் 12 வோல்ற், 36 அம்பியர்-மணி கொண்ட இரண்டு பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் 'ஜெல்' என்று அச்சிட்டிருக்கிறது. கூட வந்த சார்ஜரின் அடியிலோ 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டுமே உள்ளது. பிளக்குக்கு ஓர் அடப்டர் போட்டால் போதும் என்கிறார் அயலவர். கடைக்காரர் கார் பற்றரிக்குரிய சார்ஜரைக் காட்டி, ஒவ்வொரு பற்றரியாகக் கழற்றி ஏற்றலாம் என்கிறார். இரவில் அப்பாவின் கட்டிலருகே ஏற்றுவதே எங்களுக்கு வசதி. ஆனால் அம்மா விளக்கேற்றும் சுவாமித் தட்டும் அதே அறையில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

நிலாவெளி மின்திருத்துநர்:
அடப்டர் பிளக்கின் காலை மட்டுமே மாற்றும். நம் சுவரில் வருவது 230 வோல்ற். அதில் செருகினால் அந்தச் சார்ஜர் அன்றைக்கே எரிந்துபோகும். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கினாலும் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸாகவே இருக்கும். உங்கள் சார்ஜர் உள்ளே இரும்பின்மேல் சுற்றிய கம்பிச் சுருள் கொண்ட பழைய பாரமான வகை என்றால் அது அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டு 12 வோல்ற் பற்றரிகள் தொடராக இருப்பதால் மொத்தம் 24 வோல்ற். ஆகவே 230 வோல்ற்றில் இயங்கும் புதிய 24 வோல்ற் சார்ஜரே வாங்குங்கள்.

வாங்கும்போது 24 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஜெல் என்பது உள்ளே அமிலம் கூழாக இருக்கும் வகை. அந்தப் பற்றரிச் சோடி நிறையும் கட்டத்தில் பொதுவாக 28.2 முதல் 28.8 வோல்ற் வரையே தாங்கும். அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை அதைவிடச் சற்றுக் கூடத் தாங்கும். லிதியம் வகைக்கு ஏற்றும் முறையே வேறு. ஜெல்லுக்கு வோல்ற் கூடினால் கூழுக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாகி அங்கேயே தங்கிவிடும், அந்த இடம் பிறகு வேலை செய்யாது. கார் சார்ஜரை நான் வேண்டாம் என்பது இதனால்தான்: மலிவானவற்றில் பல, பற்றரி நிறைந்த பின்னும் நிறுத்தத் தெரியாதவை. உங்கள் அளவுக்கு 4 அல்லது 5 அம்பியர் சரி. முற்றாக இறங்கிய பற்றரி நிறைய ஓர் இரவு எடுக்கும்.

நாற்காலியின் கைப்பிடிப் பெட்டியில் மூன்று ஊசியுள்ள வட்டத் துளை இருந்தால், அதன் வழியாகவே ஏற்றுங்கள். அநேகமானவற்றில் மூன்றாவது ஊசி, சார்ஜ் ஆகும்போது நாற்காலி நகராமல் தடுப்பதற்கானது. முதல் தடவை செருகுமுன் நேர், எதிர் முனைகளை மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியா களஞ்சியக்காரன்:
நான் ஃபோர்க்லிப்ட் பற்றரிகளோடு வேலை செய்பவன்; அவை 48 வோல்ற், அமிலம் ஊற்றியவை. ஏற்றும்போது வெளிவரும் ஐதரசன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். ஒருமுறை ஒரு பையன் சார்ஜரை நிறுத்தாமல் கிளிப்பை இழுத்தான். சிறு பொறிதான், ஒரு கலத்தின் மூடி கூரைத் தகரத்தில் போய் அடித்தது. அன்றிலிருந்து முதலில் சுவிட்ச், பிறகு கிளிப். மோதிரமும் மணிக்கூடும் கழற்றி மேசையில். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பின்புதான் ஊற்றுவோம், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூடும் அளவுக்கு முன்பே.

ஜெல் பற்றரி மூடியது, சாதாரணமாக வாயு விடாது. ஆனால் சார்ஜர் பழுதாகினால் அதன் வால்வும் திறக்கும். ஆகவே விளக்கு எரியும் அறை வேண்டாம், தம்பி. காற்றோட்டமுள்ள விறாந்தையில், மழைச் சாரல் படாத மூலையில் வைத்து ஏற்றுங்கள். சார்ஜரைத் துணியாலோ மெத்தையாலோ மூடவும் வேண்டாம்.

உவர்மலைவாசி:
இருவருக்கும் நன்றி. விறாந்தையில் 13 அம்பியர் பிளக் பொயின்ற் இருக்கிறது. பிளக்குக்குள் எந்த ஃபியூஸ் போடுவது?

நிலாவெளி மின்திருத்துநர்:
5 அம்பியர் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 1 அம்பியர்தான். தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் 3 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கடற்காற்றில் பற்றரி முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், மாதமொருமுறை ஆசனத்தைத் தூக்கிப் பாருங்கள். அப்பா நாற்காலியைச் சில வாரம் பாவிக்காவிட்டாலும் பற்றரியை இறங்கிய நிலையில் விட்டுவைக்காதீர்கள்.