சல்ஃபேட் அயனியில் எலக்ட்ரான் 50ஆ, 32ஆ?

கேள்வி:
சல்ஃபேட் அயனியில் (SO₄²⁻) எத்தனை எலக்ட்ரான் என்ற கணக்குக்கு விடை 50 என்று போட்டிருக்கிறது. லூயிஸ் அமைப்பு (பிணைப்புகளையும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் காட்டும் படம்) வரையும் பாடத்தில் அதே அயனிக்கு 32 என்று தொடங்குகிறார்கள். எது சரி? இன்னொன்று, வாய்பாட்டின் தலையில் கழித்தல் குறி இருக்கும்போது எலக்ட்ரானை ஏன் கூட்டுகிறோம்?

பதில் 1:
இரண்டும் சரி, கேட்கப்படும் கேள்விதான் வேறு. மொத்த எலக்ட்ரான் என்றால் அணு எண்களைக் கூட்டுங்கள்: கந்தகம் 16, நான்கு ஆக்சிஜனுக்கு 32, ஆக 48, அப்புறம் மின்சுமைக்காக 2, மொத்தம் 50. லூயிஸ் அமைப்புக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் மட்டும் போதும், ஐந்து அணுவிலும் தலா 6, அதோடு அந்த 2, அவ்வளவுதான் 32. மீதி 18 உள்கூடுகளில் இருக்கிறது, கந்தகத்தில் 10, ஒவ்வொரு ஆக்சிஜனிலும் 2.

குறியைப் பற்றி: மின்சுமை என்பது புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது. 48-இலிருந்து 50 போனால் −2. வேதிவினையில் புரோட்டான் மாறாது, அதனால் கழித்தல் குறி இருந்தால் எலக்ட்ரான் கூடியிருக்கிறது என்றே பொருள்.

பதில் 2:
தயவுசெய்து அணு எண்ணுக்குப் பதிலாக நிறை எண்ணை எடுத்துவிடாதீர்கள். சோடியத்துக்கு 11தான், 23 அல்ல. அம்மோனியம் அயனியைப் (NH₄⁺) போட்டுப் பாருங்கள்: நைட்ரஜனுக்கு 7, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, நேர்மின்சுமைக்காக ஒன்று கழித்தால் 10. நீர், மீத்தேன், நியான், சோடியம் அயனி எல்லாவற்றிலும் இதே 10தான்.

கேட்டவர்:
அப்படியானால் நைட்ரேட்டுக்கு (NO₃⁻) மொத்தம் 32, லூயிஸுக்கு 24, சரியா? மூன்று நேர்மின்சுமை உள்ள இரும்பு அயனியில் 23 என்று வருகிறது, ஆனால் போன மூன்றும் எங்கிருந்து போயின?

பதில் 1:
நைட்ரேட் சரி. வித்தியாசம் 8, நான்கு அணுவிலும் உள்ளே தலா 2, சரிபார்க்க இதுவே நல்ல வழி. இரும்பில் முதலில் 4எஸ் என்ற துணைக்கூட்டில் உள்ள இரண்டும் போகும், பிறகுதான் 3டி துணைக்கூட்டிலிருந்து ஒன்று. நிரப்பும்போது 3டி கடைசியில் நிரம்புவதால் அதுவே முதலில் காலியாகும் என்று பலர் மூன்றையும் அங்கிருந்தே எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் 3டி-இல் 5 மிஞ்சும், ஐந்தும் தனித்தனியாக.

பதில் 3:
மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால் பதற வேண்டாம். நைட்ரிக் ஆக்சைடில் (NO) 15, ஒன்று ஜோடியில்லாமல் நிற்கத்தான் செய்யும். ஆனால் இரட்டைப்படை என்றாலே எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், ஆக்சிஜன் மூலக்கூறில் 16 இருந்தும் இரண்டு தனியாகவே இருக்கின்றன, திரவ ஆக்சிஜனைக் காந்தம் இழுப்பது அதனால்தான்.