யானைக்கு இரண்டு மணி நேரம் போதுமென்றால் நமக்கு ஏன் போதாது?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)
வணக்கம். ஓராண்டாகச் சரக்குக் கிடங்கு ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குப் படுத்தால், எவ்வளவு களைத்திருந்தாலும் பன்னிரண்டுக்குள் விழிப்புத் தட்டிவிடுகிறது. மாலை வரை தலை பாரமாகவே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் மேங்கர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, காட்டு யானைகள் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரமே உறங்குகின்றனவாம். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதுமானால், எனக்கு நான்கு மணி நேரம் ஏன் போதவில்லை?

மறுமொழி 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், உயிரியல் ஆசிரியை)
தம்பி, அந்த ஆய்வு போட்ஸ்வானாவின் சோபே காட்டில் இரண்டே இரண்டு பெண் யானைகளின் துதிக்கையில் அசைவுமானி பொருத்திச் செய்யப்பட்டது. மூளை அலைகளை யாரும் அளக்கவில்லை. துதிக்கை ஐந்து நிமிடம் அசையாதிருந்தால் உறக்கம் என்று கணக்கிட்டார்கள். நாளெல்லாம் தழை தின்றால்தான் அந்த உடம்பு தாங்கும். அதை நமக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

உங்கள் சிக்கல் வேறு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, தூங்கு தூங்கு என்று அழுத்தம் கொடுக்கிறது. உறங்க உறங்க அது வடிகிறது. இத்தகைய உறக்க அழுத்தத்தோடு, கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் உடற்கடிகாரமும் சேர்ந்தே உறக்கத்தை ஆள்கிறது என்று 1982இல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். நான்கு மணி நேரத்தில் அழுத்தம் ஓரளவு இறங்கியதும், பகலாகிவிட்டது என்று கடிகாரம் உங்களை எழுப்பிவிடுகிறது. விழிப்பு வந்ததாலேயே தூக்கம் நிறைந்துவிட்டது என்று பொருளில்லை.

மறுமொழி 2 (லெனேசியா, ஓய்வுபெற்ற செவிலி)
விடியற்காலையில் காபி குடிக்கிறீர்களா? காஃபீன் அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். நான் நள்ளிரவுக்குப் பின் ரூயிபோஸ் தேநீர்தான் குடிப்பேன், அதில் காஃபீன் கிடையாது. சன்னலுக்குக் கறுப்புக் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தேன். மைனாக்களின் கூச்சலுக்குத்தான் கடைசிவரை வழி கிடைக்கவில்லை.

மறுமொழி 3 (டோங்காட்)
உறக்கத்தில் மூளைக் கழிவு கழுவப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமே, அக்கா?

மறுமொழி 1 எழுதியவர்
சேர்க்கலாம், ஆனால் அடித்துச் சொல்ல வேண்டாம். 2013இல் எலிகளில் அப்படிக் கண்டார்கள். 2024இல் வேறொரு குழு, அதுவும் எலிகளில்தான், அதற்கு நேர்மாறாகக் கண்டது. பகலில் கற்றது ஆழ்ந்த உறக்கத்தில் நினைவில் பதிகிறது என்பதற்குச் சான்று இதைவிட வலுவானது.

கேள்வி கேட்டவர்
மூன்றரை மணிக்கு லாரி ஏற்றும்போது ஒன்று, ஐந்தரைக்கு இன்னொன்று என்று இரண்டு குவளைக் காபி குடிக்கிறேன், அக்கா. முதலில் ஐந்தரைக் குவளையை நிறுத்திப் பார்க்கிறேன்.