முகூர்த்த நாளில் எங்கள் தெரு: வாகன பாஸ் அனுபவங்கள்

தெருவில் குடியிருப்பவர்களின் வண்டிக்கு மட்டும் பாஸ் கொடுத்து, வெளியாள் வண்டிகள் தெருவை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பற்றி நான்கு ஊர்க்காரர்கள் எழுதியது.

கும்பகோணத்திலிருந்து

கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். சனி, ஞாயிறு வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வரும் வேன்களும் வெளியூர்க் கார்களும் தெருவை அடைத்துவிடும். அன்று முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் மண்டபத்து வண்டிகள் வேறு. எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகுமே தவிர கார் நிறுத்த இடம் கிடையாது. வாசலில்தான் நிறுத்தியாக வேண்டும்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் பக்கத்து வீட்டு மாமாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வந்த வண்டி தெருவுக்குள் நுழைய முடியவில்லை. வாசலை மறித்து ஒரு வேன். டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினால், "சாவி ஓனர்கிட்ட இருக்குங்க, சாமி பாக்கப் போயிருக்காரு" என்றார். கடைசியில் மாமாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தெருமுனை வரை தூக்கிப் போனார்கள். வேட்டி தரையில் உரச, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி "மெதுவாடா, மெதுவாடா" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்று மாலையே பிள்ளையார் கோயில் வாசலில் தெருவே கூடிவிட்டது.

தெருக் குடியிருப்போர் சங்கமே பாஸ் அடித்து, வெளியாள் வண்டியை உள்ளே விடக்கூடாது என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. காவல் நிலையத்தில் அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "தெரு பொதுவழிம்மா. ஸ்டிக்கர் நீங்க ஒட்டலாம். தடுக்கறதும் ஃபைன் போடறதும் உங்க வேலை இல்ல." சட்டமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 117-ஆம் பிரிவுப்படி, வண்டி நிற்கும் இடங்களை அரசோ அரசு அதிகாரம் கொடுத்தவர்களோ உள்ளாட்சியைக் கலந்துகொண்டு முடிவு செய்யலாம். வழியை மறித்து வண்டியை விட்டுப்போவதைத் தடுப்பது 122-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் குறிப்பிட்டு மனு எழுதிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. வார இறுதியிலும் முகூர்த்த நாளிலும் தெருவின் இரு முனையிலும் தடுப்பு, ஒரு காவலர். வீட்டு வண்டிகளுக்கு நம்பர் எழுதிய ஸ்டிக்கர். விருந்தாளிக்கு வீட்டுக்கு ஒரு அட்டை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஸ்டிக்கர் வேண்டாம் என்று சில வீட்டுக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கேஸ் பில் இந்தத் தெரு முகவரிக்கு வருகிறதென்றால் அவரும் தெருக்காரர்தானே!

எங்கள் தெரு காலியானது. அடுத்த தெரு நிரம்பி வழிந்தது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். அதன் பிறகு மூன்று தெருக்களையும் ஒரே வட்டமாகச் சேர்த்தோம். மண்டபக்காரரும் பின்னால் கிடந்த காலி மனையை முகூர்த்த நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து, வண்டிகளை அங்கே அனுப்ப ஆள் போட்டார். விரட்டுகிற வண்டிக்குப் போக்கிடம் காட்டாமல் பாஸ் மட்டும் அடித்தால் தெருவுக்குத் தெரு பகைதான் மிஞ்சும்.

தஞ்சாவூரிலிருந்து

எங்கள் தெருவில் கோயில் இல்லை, கிளினிக்குகள் இருக்கின்றன. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரையும், மாலை ஆறுக்கு மேலும்தான் நெரிசல். நாள் முழுக்கத் தடை கேட்டவர்களிடம் நான் சொன்னது, அந்த நேரங்களுக்கு மட்டும் கேளுங்கள் என்பதுதான். நோயாளியை வாசலில் இறக்கிவிட்டுப் போக யாருக்கும் அனுமதி இருக்க வேண்டும். முடியாத வயதானவரைத் தெருமுனையிலிருந்து நடக்க வைக்கிற ஏற்பாட்டில் என் கையெழுத்து விழாது.

மன்னார்குடிக்காரன், இப்போது அமெரிக்காவில்

நான் இருக்கும் வர்ஜீனியா மாநில ஆர்லிங்டனில் இதே மாதிரி பாஸ் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கிரிஸ்டல் சிட்டி பகுதியில் வேலைக்கு வருபவர்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் காரை விட்டுப் போனார்கள். வார நாள்களில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை பெர்மிட் உள்ள வண்டிகள் மட்டும் நிற்கலாம் என்று கவுன்டி, அதாவது அங்கத்திய உள்ளாட்சி, விதி போட்டது. உள்ளூர்வாசிக்கும் வெளியாளுக்கும் பாரபட்சம் என்று வழக்கு. மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்று விதியை ரத்து செய்தது. 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நெரிசல், புகை, இரைச்சல் குறையவும், காரை விட்டுப் பொதுப் போக்குவரத்துக்கு ஆள்கள் மாறவும் இப்படி வித்தியாசம் பார்ப்பது நியாயமே என்றது.

ஒன்றை ஊரில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பெர்மிட் இருந்தால் தெருவில் இடம் தேட உரிமை உண்டு, வாசலில் இடம் உறுதி இல்லை. இதைச் சொல்லாமல் ஸ்டிக்கர் கொடுத்தால் "என் வீட்டு வாசல்" சண்டை தொடங்கிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து

ஐப்பசி துலா ஸ்நானத்துக்கு, அதிலும் மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்று, காவிரிக்கரைத் தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. ஒரு வருடம் நாங்களும் விருந்தாளி அட்டை கொடுத்துப் பார்த்தோம். தெரு வீட்டு அட்டை லாட்ஜில் தங்கியவர் காரில் தொங்கியது. காசு கைமாறியிருக்கிறது. மனசு விட்டுப்போய் நிறுத்திவிட்டோம்.

என்னைக் கேட்டால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானில் 1962-இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருப்பதற்குக் காவல்துறைச் சான்று வாங்கினால்தான் கார் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே இடமே இல்லாத வீட்டில் இரண்டாவது கார் வருகிறது. அதைக் கேட்க யாருமில்லை.

மீண்டும் கும்பகோணம்

அட்டை கைமாறுவது இங்கும் நடந்தது. இப்போது தேதியும் வீட்டு எண்ணும் எழுதி, அன்றன்றைக்குக் கொடுக்கிறோம். சங்கத்துப் பெண்கள் இருவர் நோட்டில் பதிந்து கொடுக்கிறார்கள், மாலையில் திரும்பி வந்ததா என்றும் பார்க்கிறார்கள்.

2016 மகாமகத்துக்குப் பிறகு அடுத்தது 2028. அந்தக் கூட்டத்துக்கு மூன்று தெருக் கணக்கு எந்த மூலைக்கு? குளத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களுக்கும் ஒரே பாஸ், ஊருக்கு வெளியே வண்டி நிறுத்தத் திடல், அங்கிருந்து மினி பஸ் என்று மாநகராட்சிக்கு மனு தயாராகிறது. குளத்துப் பக்கம் குடியிருப்பவர்கள் உங்கள் தெருப் பெயரையும், நிறுத்த இடமில்லாத வீடுகள் எத்தனை என்பதையும் இங்கேயே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறோம்.