ஆங்கிலத்தில் 'கெட்' (get) என்ற ஒரு வினைக்கு எத்தனை பொருள்?

கேள்வி: 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது. 'ஐ காட் டயர்டு' என்றால் களைத்துப் போனேன். 'ஐ காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தேன். எல்லாம் ஒரே சொல், 'கெட்'டின் இறந்தகால வடிவமான 'காட்'! அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. மனப்பாடம் செய்யாமல் பிடிபட வழி உண்டா?

பதில் 1: அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். பெயர்ச்சொல் வந்தால் பெறுதல். சும்மா கிடைத்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பதைச் சூழல்தான் சொல்லும். நாம் 'எனக்குக் கிடைத்தது' என்போம். ஆங்கிலத்தில் பெற்றவரே எழுவாய். 'டு மீ' என்று தொடங்கினால் வாக்கியம் கெட்டது.

பெயரடை வந்தால் ஆதல். 'ஐ வாஸ் ஆங்கிரி' கோபமாக இருந்த நிலை. 'ஐ காட் ஆங்கிரி' கோபம் வந்த மாற்றம்.

இடம் வந்தால் போய்ச் சேர்தல். 'கெட் டு தி ஸ்டேஷன்' என்று நடுவில் 'டு' வேண்டும். ஹோம், ஹியர், தேர் ஆகியவை இங்கே வினையடைகள், அவற்றுக்கு முன் 'டு' வராது. 'கெட் டு ஹோம்' என்பது தவறு.

பதில் 2: பலர் வழுக்கி விழும் இடம் செய்வித்தல். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் வேறொருவர் வெட்டிவிட்டார். 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரி உங்கள் கையில்!

செய்பவரைக் குறிப்பிட்டால் 'டு' கட்டாயம்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. 'மேக்' போட்டால் அந்த 'டு' போய்விடும்: 'ஐ மேட் ஹிம் சைன்'. பொருளும் வேறு. 'மேக்' பெரும்பாலும் வற்புறுத்தல். 'கெட்' பேசி இணங்க வைத்தல்.

'ஹி காட் ஃபயர்டு' (வேலையிலிருந்து நீக்கப்பட்டார்) போன்றவை செயப்பாட்டு வினை, நம்முடைய 'படு' மாதிரி. பேச்சில் சரி, அலுவல் கடிதத்தில் 'வாஸ்' போடுங்கள்.

கேட்டவர்: நன்றி. 'ஹேவ்' உடன் 'காட்'டுக்குப் பதிலாக 'காட்டன்' (gotten) என்றும் சிலர் எழுதுகிறார்களே, பிழையா?

பதில் 3: பிழையில்லை, அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் பொதுவாக 'காட்' மட்டும்தான். ஆனால் அமெரிக்கர்கள் 'காட்'டை விட்டுவிடவில்லை. இரண்டையும் பிரித்து ஆள்கிறார்கள். 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன். அதேபோல 'ஹேவ் காட் டு கோ' போயாக வேண்டும். 'ஹேவ் காட்டன் டு கோ' போகும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மாற்றிப் போட்டால் 'கட்டாயம்' என்ற பொருள் 'வாய்ப்பு' என்றாகிவிடும்.

பதில் 4: ஒரு சின்னச் சேர்க்கை. பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் டவுன்' என்பது நம்மவர் பழக்கம். பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் 'கெட் ஆஃப்'. காருக்கு 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆஃப்' என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கும் 'ஆஃப்'தான். 'கெட் டவுன்' ஏணிக்கும் மரத்துக்கும் பொருந்தும்.