வடக்கு ரூம்ல ஆஃப் ஒயிட் நீலமாத் தெரியுது, மஞ்சள் ஸ்டெயினர் (பெயின்ட்ல கலக்குற கலர்) ஊத்தலாமா?

மதுரைக்காரி:
வடக்குப் பார்த்த மாடி ரூம். மெஷின்ல கலந்து வாங்கின ஆஃப் ஒயிட் எமல்ஷன், ஒரு கோட் அடிச்சாச்சு. ஷேடு கார்டுல சந்தனம் கலந்த வெள்ளையா இருந்தது. சுவத்துல பார்த்தா சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருக்கு. அதே பக்கெட்தான் ஹாலுக்கும் அடிச்சோம், அங்க அருமையா இருக்கு. பாதி பக்கெட் மிச்சம். கலந்ததைக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்களாம். மஞ்சள் ஸ்டெயினர் ஊத்தினா சரியாகுமா?

பிரஷ் அண்ணன்:
அவசரப்பட்டு ஊத்திடாதீங்க. நீலம் பகல்லயா, ராத்திரியா? என்ன லைட்டு? ஜன்னலுக்கு நேரா வெளிய என்ன இருக்கு?

மதுரைக்காரி:
ராத்திரிதான் நீலம். எல்இடி டியூப், அட்டையில 6500கே-ன்னு இருக்கு. பகல்ல லேசாப் பச்சை அடிக்குது. நேரா பக்கத்து வீட்டு மாடிச் சுவர், கிளிப்பச்சை.

தென்றல்:
அவங்க வீட்டுக்கு ஒரு பக்கெட் வெள்ளை வாங்கிக் குடுத்துருங்க 😀

பிரஷ் அண்ணன்:
சிரிக்காதீங்க, பகல் வியாதி அதேதான். மார்கழியில சூரியன் தெற்கே சாஞ்சிருக்கு. வெயில் முழுக்க அந்தச் சுவத்துல பட்டு உங்க ரூமுக்குள்ள பச்சையாத் தெறிக்குது. மதுரையில சித்திரை தொடங்கி ஆவணி ஆரம்பம் வரை உச்சி வெயில் வடக்கே சாயும். அப்ப அந்தச் சுவர் நிழலுக்குப் போயிரும், உங்க ஜன்னலுக்கே கொஞ்சம் வெயில் வரும். இப்போதைய பச்சையைப் பார்த்து நிறையக் கலந்தீங்கன்னா வைகாசியில ரூம் காவியாத் தெரியும்.

ராத்திரி நீலத்துக்கு டியூப்தான் காரணம். அட்டையில இருக்கிற கே நம்பர் (கெல்வின்) கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறைஞ்சா மஞ்சளாகும். முதல்ல 4000கே மாட்டுங்க. 3000கே வேண்டாம், ஆஃப் ஒயிட் ஒரேயடியா மஞ்சளாயிரும்.

அப்புறமும் உறுத்தினா மட்டும் கலக்கலாம். மஞ்சள் மட்டும் சேர்த்தா பச்சை இன்னும் தூக்கும். பச்சையை அமுக்குறது சிவப்பு. அதனால எல்லோ ஆக்சைடு ஸ்டெயினரோட ரெட் ஆக்சைடு ஸ்டெயினர் துளியூண்டு. ஒரு லிட்டரைத் தனியா எடுத்து, சிரிஞ்சுல அரை மில்லியா ஏத்திக் கலக்குங்க. ஒரு பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, காஞ்சபிறகு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் சுவர் ரெண்டுலயும் வெச்சுப் பாருங்க. காலையில, சாயங்காலம், லைட்டு போட்டு. ஈரத்துல தெரியிற கலரை நம்பாதீங்க, காஞ்சா கொஞ்சம் அடரும்.

மதுரைக்காரி:
4000கே மாட்டினேன் அண்ணே, ராத்திரி நீலம் போயே போச்சு. பகலுக்கு மட்டும் அட்டை வெச்சுப் பார்த்தேன், நீங்க சொன்ன கலவை பிடிச்சிருக்கு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவத்துக்கு மட்டும் அடிச்சா போதுமா?

பிரஷ் அண்ணன்:
நாலு சுவத்துக்கும் அடிங்க, மூலையில ரெண்டு கலர் சேர்ந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிரும். வேண்டிய மொத்தத்தையும் ஒரே பக்கெட்ல கலந்துக்கோங்க, பாதியில தீர்ந்தா மறுபடி அதே கலர் வராது. கலக்காத பழைய பெயின்ட்ல ஒரு லிட்டர் மூடி வைங்க, ஹால் டச்-அப்புக்கு வேணும்.