செட்டிநாட்டு ஊர்களுக்கு எந்த ஐரோப்பிய நாட்டின் திட்டமுறை பொருந்தும்?

ஊருணிக்கரை:
வணக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி வட்டாரத்துக்கு ஒரே மண்டலத் திட்டம் வேண்டும் என்று மனு தயாராகிறது. யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே வந்தாச்சு. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு வீட்டு இடிப்பையும் தடுக்காது. முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ஓடும் வீட்டைப் பங்காளிகள் பிரித்ததும் பின்கட்டு தனி மனையாகிறது. அங்கே கான்கிரீட் எழும்ப, ஊருணிக்கு மழைநீர் கொண்டுபோகிற வரத்துக்கால் அடைபடுகிறது. எந்த நாட்டை முன்மாதிரியாகக் காட்டலாம்?

முகப்பு:
அண்ணே, ஒரு நாட்டை அப்படியே காட்டாதீங்க. வீட்டுக்கு ஒரு நாடு, தண்ணீருக்கு இன்னொன்று.

வீட்டுக்கு பிரான்ஸ். 1962-ல் பழைய நகர்ப் பகுதிகளைக் காக்கும் மால்ரோ சட்டம் வந்தது. 1964-ல் லியோன் பழைய நகரம் அதன்கீழ் வந்தது. அந்தப் பாதுகாப்புத் திட்டம் கட்டடம் கட்டடமாக எழுதப்படுகிறது. உள்ளே இருக்கும் படிக்கட்டு, மரவேலை வரை காக்கலாம். நமக்கு வேண்டியது இதுதான். வெளிச்சுவரை மட்டும் காக்கும் விதியில் முகப்பு அப்படியே நிற்கும், வளவின் (உள்முற்றத்தின்) தேக்குத் தூண் லாரி ஏறிவிடும். அரசின் மரபுக் கட்டடக் கலைஞர் இசையாமல் மேயர் அனுமதி தர முடியாது. வாடகைக்கு விடும் வீட்டைப் புதுப்பித்தால், ஒப்புதல் பெற்ற திட்டம் உள்ள இடத்தில், உச்சவரம்புக்குள் செலவில் 30 சதவீதம் வரியில் கழியும். தடையோடு பணமும் வருவதால்தான் உரிமையாளர் ஒத்துழைக்கிறார்.

ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து எழுதப் பல வருஷம் ஆகும். அதற்குள் இடித்துவிட்டால் திட்டம் வந்து பயனில்லை. அதனால் திட்டம் தயாராகும்போதே ஒரு விண்ணப்பத்தின் முடிவை 2 ஆண்டு வரை தள்ளிவைக்க அங்கே வழி உண்டு. மனுவில் இந்த இடைக்காலத் தடையை முதலில் கேளுங்க.

வரைபடம்:
மேல்மட்டம் கீழ்மட்டத்தைக் கட்டுவதற்கு ஜெர்மனிதான் தெளிவு. மண்டலத் திட்டத்தில் இரண்டு வகை வாக்கியம்: 'இலக்கு' என்றால் ஊராட்சி அதற்குத் தன் திட்டத்தைப் பொருத்தியே ஆகணும்; 'கொள்கை' என்றால் மற்ற நலன்களோடு சேர்த்து எடைபோட்டால் போதும். "ஊருணிகளைப் பாதுகாக்க முயல வேண்டும்" என்று எழுதினால் அது கொள்கையாகவே நின்றுவிடும். "இந்தப் புல எண்களில் கட்டடம் கூடாது" என்று எழுதணும்.

ஊருணிக்கரை:
அந்த இலக்கு மனைக்காரரையும் நேராகக் கட்டுப்படுத்துமா?

வரைபடம்:
பொதுவாக இல்லை. அது அரசு அமைப்புகளைக் கட்டும். ஊராட்சியின் நிலப்பயன் திட்டமும் மனைக்காரரை நேராகக் கட்டாது. அதற்குக் கீழே ஒரு பகுதிக்கென்று சட்டமாக இயற்றும் விரிவான கட்டடத் திட்டம்தான் கட்டும். நம் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று படிகள் இருக்கு. மண்டலத் திட்டத்தை மட்டும் கேட்டால் தெருவுக்குள் எதுவும் மாறாது. விரிவுத் திட்டத்தையும் சேர்த்துக் கேளுங்க.

கண்மாய்:
தண்ணீருக்கு நெதர்லாந்து. அங்கே 21 நீர் வாரியங்கள். தேர்தல் உண்டு, தனி வரி உண்டு, நகராட்சி எல்லைக்கு அடங்காதவை. 2003 முதல் நிலத்திட்டம் எழுதும்போதே வாரியத்தைக் கலந்து தண்ணீர் விளைவை எடைபோடுவது சட்டக் கட்டாயம். வரத்துக்கால் ஒரு பேரூராட்சியில் புறப்பட்டு இன்னொரு ஊராட்சியில் முடிகிற நம் வட்டாரத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

இங்கிலாந்திலிருந்து எடுக்க வேண்டியது எச்சரிக்கை. 2004-ல் கொண்டுவந்த மண்டல வியூகங்களை 2011 சட்டம் ஒழித்துக்கட்டியது. அப்போது மிஞ்சியது பக்கத்து உள்ளாட்சி மன்றங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்ற கடமை மட்டும், ஒத்துக்கொண்டே ஆகணும் என்று இருக்கவில்லை. ஆக, ஊராட்சிகளின் 'ஒருங்கிணைப்புக் குழு' போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீங்க.

மனுவோடு வரத்துக்கால் போகும் புல எண்களை எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) வரைபடத்திலிருந்து எடுத்து, ஊருணி வாரியாக ஒரே தாளில் வரைந்து வைங்க. பின்கட்டு ஏற்கெனவே பிரிந்த மனைகளைச் சிவப்பில் காட்டுங்க.